கூட்டினால் ஒன்பது வந்த சர்வர்

1. கவுண்டரில் நின்றவர்

"மேடம், நம்ம மெயில் போய்ச் சேரவே இல்லயாம். ஒரு வெள்ளைக்காரர் கவுண்டர்ல வந்து நின்னு சொல்றாரு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனில் தனபால். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் பதினான்கு அறை கொண்ட விடுதி நடத்துகிறவர். அவருடைய மெயில் சர்வரை அமைத்துக் கொடுத்தவள் நான். வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இதையேதான் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். அதனால் போனைக் கேட்டதும் எனக்குப் பதற்றம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் அமைத்த சர்வரிலிருந்து மெயில் போகாமல் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் சண்டை போட்டபடியே ஸ்கூட்டரை எடுத்தேன்.

கவுண்டரில் நின்றவர் பெயர் மார்க். அவர் சொன்னது இதுதான். அவருடைய ஊரில் ஐரீன் என்று ஒரு அம்மா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. பதினோரு வருடமாகக் கார்த்திகை தீபத்துக்கு வந்து இதே விடுதியில் ஐந்தாம் நம்பர் அறையில் தங்குகிறவர். இந்த வருடம் மூன்று முறை எழுதிக் கேட்டும் ஒரு பதிலும் இல்லை. வயதானவள் வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள், இனி நான் அந்த ஊருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

தனபாலின் மனைவி கௌரிக்கு முகமே மாறிவிட்டது. "மூணு வாட்டியும் நான்தான் மேடம் பதில் போட்டேன். பாத்ரூம்ல அவங்களுக்காகக் கைப்பிடி வச்சிருக்கேன், அதையும் எழுதினேன். வர வேணாம்னு நெனச்சுட்டாங்களா?" என்றார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

தீபத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

2. போன் போட்டால் தீராதா?

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான் என்று தெரியும். ஐரீன் அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது, போன் எடுக்க மாட்டார். மார்க் அங்கேயே நின்று தன் போனிலிருந்து அவருக்கு எழுதினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'அந்த முகவரியிலிருந்து வருவதை மட்டும் நம்பு என்று அவர்களே எனக்கு எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.'

அதுவும் உண்மை. முந்தைய சீசனில் யாரோ ஒருவன் விடுதியின் பெயரில் ஒரு இலவச மெயில் கணக்கு திறந்து, பழைய விருந்தினர்களிடம் முன்பணம் கேட்டு எழுதினான். ஐரீன் அம்மா அனுப்பி ஏமாந்தார். தனபால் கொதித்துப்போய், இனி எங்கள் சொந்தப் பெயரில் வரப்போகும் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் நம்புங்கள் என்று எல்லோருக்கும் எழுதினார். தான் வைத்திருந்த பழைய இலவசக் கணக்கையும் அன்றைக்கே மூடிவிட்டார். அப்புறம்தான் என்னிடம் வந்தார்.

"அடுத்தவன் எடத்துல நம்ம பேரு இருக்கவே கூடாது மேடம். சொந்தமா வச்சுக் குடுங்க."

காசு கட்டினால் மெயிலை நடத்தித் தரும் கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. பாதிப் பேரை நானே அங்கேதான் அனுப்பிவைப்பேன். இவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு விர்ச்சுவல் சர்வரை, அதாவது பெரிய கம்ப்யூட்டர் ஒன்றின் ஒரு பங்கை, வாடகைக்கு எடுத்து அதில் அவருக்கென்று மெயில் வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை என்றேன்.

3. நம்பர் பார்த்த கதை

சர்வர் எடுத்தால் அதோடு ஒரு ஐபி நம்பர் வரும், இணையத்தில் அதன் கதவு எண் போல. நான் முதலில் எடுத்தது, எனக்குப் பழக்கமான, கண்டிப்பான ஒரு ஹோஸ்டிடம், அதாவது சர்வர் வாடகைக்கு விடும் கம்பெனியிடம். நம்பர் வந்ததும் பேப்பரில் எழுதித் தனபாலிடம் காட்டினேன். அங்கேதான் பிடித்தது சனி.

தனபாலின் கார் நம்பர் கூட்டினால் ஒன்பது. போன் நம்பர் ஒன்பது. விடுதியில் ஏழாம் அறைக்கு அடுத்தது ஒன்பதாம் அறை, நடுவில் ஒன்றும் கிடையாது. மனிதர் பேனாவை எடுத்துக் கூட்டினார்.

"எட்டு வருதே மேடம். வேணவே வேணாம்."

"சார், இத யாரும் பாக்கப் போறதே இல்ல. மெஷினுக்கு மெஷின் பேசற நம்பர்."

"யாரும் பாக்கலன்னா சாமி பாக்காதா?"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் கோட்டை விட்டேன். அந்த ஹோஸ்டில் நினைத்தபடி நம்பர் மாற்ற விடமாட்டார்கள். இன்னொரு ஹோஸ்டில் சர்வரை அழித்துவிட்டு மறுபடி எடுத்தால் வேறு நம்பர் வரும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அங்கே போனேன். ஆறு வந்தது, அழித்தேன். இரண்டு வந்தது, அழித்தேன். மறுபடி எட்டு. நாலாவது தடவை ஒன்பது. தனபால் அந்தப் பேப்பருக்குக் குங்குமம் வைத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

அவர் கூட்டிப் பார்த்ததில் தப்பில்லை. அவர் விடுதிக்காரர், அவருக்குத் தெரிந்ததைப் பார்த்தார். பிளாக்லிஸ்டில், அதாவது தடை செய்த நம்பர்களின் பட்டியலில், அந்த நம்பர் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டியவள் நான். அதற்கு முன் அதை வைத்திருந்தவன் குப்பை மெயில் அனுப்பியிருந்தால், உலகம் முழுக்க உள்ள மெயில் சர்வர்கள் அந்த நம்பரைக் குறித்து வைத்திருக்கும். புதிதாக யார் குடிவந்தாலும் கதவைச் சாத்தும். பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. கூட்டல் கணக்கு முடிந்த சந்தோஷத்தில் நான் பார்க்கவில்லை. ஒரு சோதனை மெயிலை என் சொந்த சர்வருக்கே அனுப்பினேன். என் சர்வர் என்னை வா என்றுதானே சொல்லும்? வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டேன்.

4. திறக்காத பெட்டி

மார்க் கிளம்பிய பிறகு கவுண்டரிலேயே உட்கார்ந்து சர்வரைத் திறந்தேன். போய்ச் சேராமல் திரும்பிய மெயில்கள் விழுவதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். அதை அமைத்தவளே நான்தான். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. நாற்பத்தொரு மெயில் கிடந்தது. எல்லாவற்றிலும் ஒரே காரணம், இந்த நம்பரிலிருந்து வருவதை வாங்கமாட்டோம். ஐரீன் அம்மாவுக்குக் கௌரி எழுதிய மூன்றும் அதற்குள்ளேதான் இருந்தன.

ஹோஸ்டுக்கு எழுதினேன். பக்கத்து நம்பர்கள் எல்லாமே பட்டியலில்தான் இருக்கின்றன, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலட்டிக்கொள்ளாமல் பதில் வந்தது.

தனபாலிடம் மறைக்கவில்லை. "தப்பு என்னுது சார். இந்த நம்பர்ல முன்னாடி இருந்தவன் அயோக்கியன். நான் விசாரிக்காம எடுத்துட்டேன்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "அந்தக் கம்பெனிக்காரன் உங்கள எதனா கேட்டானா மேடம்? நீங்க யாரு, எதுக்கு எடுக்கறீங்கன்னு?"

"ஒண்ணும் கேக்கல. காசு கட்டினதும் குடுத்துட்டான்."

"அப்புறம் எப்பிடி? தீபத்தன்னிக்கு ரூமுக்கு எவ்ளோ ஜாஸ்தி குடுக்கறேன்னாலும் ஐடி ப்ரூஃப் இல்லாம நான் சாவி தர மாட்டேன். யாரு எவருன்னு கேக்காம ரூம் குடுக்கற லாட்ஜ் எப்பிடி இருக்கும்? ஒரு ரூம்ல சீட்டாட்டம், ஒரு ரூம்ல சண்டை. குடும்பத்தோட வர்றவன் வாசல்லயே திரும்பிடுவான். கேள்வி கேக்கறவன் எடத்துல போய் எடுங்க மேடம்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தை அந்த மனிதர் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி நாலு வரியில் திருத்திவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தைரியமும் திரும்பி வந்தது.

5. கேள்வி கேட்ட ஹோஸ்ட்

இந்த முறை எடுப்பதற்கு முன்பே மூன்று ஹோஸ்டுகளுக்கு ஒரே மாதிரி எழுதினேன். மெயில் சர்வர் வைக்கப் போகிறேன், வெளியே மெயில் போகிற போர்ட் இருபத்தைந்தைத் திறந்து தருவீர்களா, குப்பை அனுப்புகிறவனை என்ன செய்வீர்கள்?

ஒருவர் எல்லாம் திறந்தே இருக்கிறது, உடனே எடுங்கள் என்றார். ஒருவர் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பினார். மூன்றாமவர் திறக்க மாட்டோம் என்று தொடங்கி, என்னையே கேள்வி கேட்டார். என்ன தொழில், ஒரு நாளைக்கு எத்தனை மெயில், யாருக்கு, அவர்கள் கேட்டு வாங்குகிறவர்களா? விடுதியின் உரிமத்தைக்கூட அனுப்பச் சொன்னார்கள். முன்பென்றால் எரிச்சல்பட்டிருப்பேன். அன்றைக்குத் தனபாலே நேரில் வந்து கேட்பது போல இருந்தது. மறுநாள் போர்ட் திறந்து கொடுத்தார்கள்.

நம்பர் வந்ததும் பிளாக்லிஸ்டுகளில் தேடினேன். சுத்தம். அதன் பக்கத்து நம்பர்களையும் தேடினேன், சுத்தம். நம்பரைக் கேட்டால் விடுதியின் பெயரைச் சொல்லும்படி ரிவர்ஸ் டிஎன்எஸ் எழுதினேன். வெவ்வேறு கம்பெனிகளில் மெயில் வைத்திருக்கும் ஏழு தெரிந்தவர்களுக்கு அனுப்பி, வந்ததா என்று ஒவ்வொருவரையும் போனில் கேட்டேன். ஏழும் இன்பாக்ஸில் விழுந்திருந்தது.

தனபாலுக்கு அவசரம். "எல்லா கெஸ்ட்டுக்கும் ஒரே அடியா அனுப்பிடலாமா மேடம்?"

"கூடாது சார். புது நம்பர்லேர்ந்து முதல் நாளே கும்பலாப் போனா மறுபடி சந்தேகப்படுவாங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பலாம். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு."

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கௌரி உட்கார்ந்து தன் கையாலேயே அடித்தார். சர்வர் செய்வதை வரி வரியாகக் காட்டும் லாக் திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐரீன் அம்மாவின் மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது என்று ஒரு வரி வந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த வரிதான், அன்றைக்கு அதை இரண்டு தடவை படித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதில் வந்தது. கௌரி வாய்விட்டுப் படித்தார். 'கைப்பிடி இடது பக்கமா, வலது பக்கமா? எனக்கு வலது முட்டிதான் மோசம். டிக்கெட் போட்டுவிட்டேன்.'

கௌரி எழுந்து ஐந்தாம் அறைக்குப் போனார், எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வர.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எவ்வளவு மெமரி, எவ்வளவு டிஸ்க், எந்த ஹோஸ்ட் வாடகை கம்மி என்பதெல்லாம் அப்புறம். உங்களிடம் கேள்வி கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கேட்டால் அங்கே எடுங்கள். எடுத்த பிறகு, திரும்பி வந்த மெயில் விழும் பெட்டியைத் தினமும் காலையில் திறந்து பாருங்கள்.

தனபால் கல்லாவுக்கு மேலே இருந்த பழைய பேப்பரைக் கிழித்தார். புது நம்பரை எழுதிக் கொடுத்தேன். பேனாவை எடுத்துக் கூட்டத் தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க கூட்டிட்டீங்களா மேடம்?"

"கூட்டிட்டேன் சார்."

"எட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே ஐந்தாம் அறையிலிருந்து கௌரியின் குரல் கேட்டது. "என்னங்க, கைப்பிடி எடப் பக்கம் இருக்குது. கொத்தனாருக்குப் போன் போடுங்க."

தனபால் பேனாவை மூடினார். அந்தப் பேப்பருக்கும் குங்குமம் வைத்து, அதே இடத்தில் ஒட்டிவிட்டுக் கொத்தனாருக்குப் போன் போட்டார்.