மலிவு விற்பனை நாள், காலை 5.40

இதைக் கட்டுக்கதை என்று நினைத்து வாசிக்கிறவர்கள் அப்படியே வாசிக்கலாம். எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் அன்று அங்கே நின்றேன். கையில் சிவப்பு லேபல் சுருள் இருந்தது. கைபேசியில் நேரம் 5.40. இவ்வளவும் எனக்கு நிச்சயம். கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

என் பெயர் தயாளினி. பாரிசின் லாச்சப்பலில், மெட்ரோ ஓடும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் ஒரு நாலாம் மாடி வீட்டில் மகள் அக்‌ஷராவோடு இருக்கிறேன். ரயில் பாதைகளுக்கு மேலே போகும் பாலத்தைக் கடந்து இருபது நிமிஷம் நடந்தால் கடை வந்துவிடும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெரிய கடை. மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் அகன்ற படிக்கட்டு. கீழே நிலத்துக்கு அடியில் இரண்டு தட்டு. எனக்கு வேலை அடித்தட்டில், சாமான் அறையில். வரும் பெட்டிகளைத் திறந்து, உடுப்புகளை எண்ணி, லேபல் ஒட்டி மேலே அனுப்பவேண்டும்.

பேயைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் செய்ததைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பாதிப் பொய்.

2024 ஜனவரி 4, வியாழக்கிழமை. குளிர்கால மலிவு விற்பனை தொடங்க இன்னும் ஆறு நாள். கடும் நீல நிறத்தில் ஒரு கம்பளிக் கோட் வந்திருந்தது. அக்‌ஷராவின் அளவில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். மகள் அதே கோட்டைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். குறைந்த விலைக்கு வாங்குவதற்காக, மலிவு தொடங்கும்வரை சாமான்களை ஒளித்து வைக்க வேலையாட்களுக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் வேலை போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோட்டை மடித்து, தலையணை உறைகள் இருந்த ஒரு பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டி இருந்தது என்னோடு வேலை செய்த இம்மாகுலேற்றின் பொறுப்பில் இருந்த அலுமாரித் தட்டில்.

இம்மாகுலேற் யாழ்ப்பாணத்துப் பாஷையூர்ப் பிள்ளை. இருபத்தெட்டு வயது. கடைக்கு வந்து எட்டு மாதம். அவளுடைய வேலை ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. புதுப்பித்துத் தருவதாக எங்கள் பொறுப்பாளர் லாரா சொல்லியிருந்தாள். அந்தக் கடதாசி இருந்தால்தான் இம்மாகுலேற் தன் 'காட்'டை, அதாவது வதிவிட அனுமதி அட்டையை, புதுப்பிக்கலாம். அதைப் பற்றித்தான் எந்நேரமும் கதைப்பாள்.

சனிக்கிழமை லாரா தட்டுகளைச் சோதித்தாள். கோட் வெளியே வந்தது.

"யாருடைய வேலை இது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இம்மாகுலேற் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். லாராவும் என் பக்கம் திரும்பினாள்.

"தயா, உனக்குத் தெரியுமா?"

"ஜ ந சே பா" என்றேன். எனக்குத் தெரியாது.

இம்மாகுலேற் அன்று மத்தியானமே தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். படியில் ஏறும்போது, "போயிட்டு வாறன் அக்கா" என்று சொன்னாள். நான் பெட்டி எண்ணுவதுபோல் நின்றேன்.

நாலு நாள் கழித்து, புதன்கிழமை, மலிவு விற்பனையின் முதல் நாள். எட்டு மணிக்குக் கதவு திறக்கும். அதற்கு முன் சிவப்பு லேபல்கள் எல்லாம் ஒட்டி முடியவேண்டும். 5.05க்கு வேலையாட்கள் வாசலில் நின்றேன். காவலாளி அல்பிரட் கதவைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷமாக அந்த வாசலில் இருக்கிற பிரெஞ்சுக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"இன்றைக்கு நீதான் முதல் ஆள்" என்றார். "கீழே ஒருவரும் இல்லை."

போகிற வழியில், கடையின் பழைய காலத்தைக் காட்டும் படங்கள் சுவரில் மாட்டியிருந்தன. 1909 ஜனவரி. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிடும் என்பதால் அந்தக் காலத்துப் பெரிய கடைகள் ஜனவரியில் வெள்ளைத் துணி விற்பனை வைப்பார்களாம். படத்தில் கூரைவரைக்கும் வெள்ளை. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, கைலேஞ்சி, லேஸ். தொப்பி போட்ட சீமாட்டிகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, கணுக்கால்வரை கறுப்பு உடுப்பில், கடைப் பெண்கள். பகல் முழுவதும் உட்காரக் கூடாது. இரவில் இதே கட்டடத்தின் கூரைக்குக் கீழே இரண்டிரண்டு பேராகப் படுக்கவேண்டும். நான் தினமும் கடக்கிற படம்தான். அன்று நின்று பார்க்கவில்லை.

5.12. அடித்தட்டு.

அங்கே விளக்குகள் தானாக எரியும். ஆள் அசைந்தால் எரியும். மூன்று நிமிஷம் அசைவு இல்லாவிட்டால் அணைந்துவிடும். நான் நடக்க நடக்க ஒவ்வொரு வரிசையாக எரிந்தது. என் மேசையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன்.

5.21. ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்... டப்.

கொஞ்சம் விட்டு மறுபடியும். ஸ்ஸ்ஸ்... டப். விரிப்பை உதறி, மடித்து, கையால் தட்டுகிற சத்தம். வீட்டில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஆறு மணிக்கு வரவேண்டிய அனுஜா முந்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அனுஜா? நீரே?"

 சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

சத்தம் வந்தது அறையின் கடைசி மூலையிலிருந்து. இம்மாகுலேற்றின் தட்டுகள் அங்கேதான். அந்தப் பக்கம் இருட்டாக இருந்தது. எனக்கு அது உடனே உறைக்கவில்லை. இரண்டு லேபல் ஒட்டிய பிறகுதான் கை நின்றது. ஆள் அசைந்தால் விளக்கு எரியவேண்டும். இவ்வளவு துணியை உதறுகிற ஆளுக்கு ஏன் எரியவில்லை?

விளக்குப் பழுதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

5.33. மணம் வந்தது. கஞ்சி போட்ட துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி வைத்தால் வருமே, அந்த மணம். எங்கள் கடையில் விரிப்புகள் எல்லாம் பிளாஸ்டிக் பையில் வருகின்றன. அங்கே யாரும் எதற்கும் கஞ்சி போடுவதில்லை.

எழுந்து நடந்தேன். ஏன் மேலே ஓடவில்லை என்று பிறகு மகள் கேட்டாள். எனக்கு ஒரு நினைப்பு. இம்மாகுலேற் தன் சாமான் எதையோ எடுக்க வந்திருக்கிறாள். அவள்தான் அங்கே நிற்கிறாள். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கடைசி வரிசைக்கு வந்ததும் விளக்கு எரிந்தது. பழுது இல்லை.

5.40.

ஒரு பெண். முதுகு என் பக்கம். கறுப்பு உடுப்பு, கணுக்கால்வரை. தலைமயிரை உயர்த்திக் கட்டியிருந்தாள். அவளுக்கு முன்னால் மேசை நிறைய வெள்ளைத் துணி. மடித்துக்கொண்டிருந்தாள்.

கடையின் பழைய காலத்தைக் காட்ட வேஷம் போட்டு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"பொஞ்சூர் மதாம்" என்றேன்.

திரும்பவில்லை.

"இந்தத் துணியெல்லாம் யாருடையது?"

கைகள் நின்றன.

"ஜ... ந... சே... பா."

இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. எல்லாரும் விழுங்கிவிட்டு "ஷே பா" என்பார்கள். என்னைப்போல் வயது வந்த பிறகு படித்தவர்கள்தான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வோம்.

"ஜ ந சே பா" என்றாள் மறுபடியும். இந்தத் தரம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுபடியும்.

மறுபடியும்... வேகமாக. அழுகை இல்லை, கோபம் இல்லை. பாடமாக்கினதை ஒப்புவிப்பதுபோல்.

அப்போதுதான் கவனித்தேன். என் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

அவளோடு சேர்ந்து... நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை.

அவள் கைகள் மறுபடி ஓடின. உதறி... மடித்து... தட்டி. நான் அசையாமல் நின்றேன்.

விளக்கு அணைந்தது.

மூன்று நிமிஷம். அந்த இடத்தில் யாரும் அசையவில்லை என்று அணைந்தது.

இருட்டில்...

ஸ்ஸ்ஸ்... டப்.

கிட்ட.

ஸ்ஸ்ஸ்...

என் கையில் துணி பட்டது. ஈரம். குளிர்.

ஓடினேன்.

படிகள் எத்தனை என்று இன்றும் எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்தபோது அல்பிரட்டின் மேசை மணிக்கூட்டில் 5.47. அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து கதிரையைத் தள்ளி வைத்தார். ஒரு கோப்பைத் தண்ணீரில் சீனி போட்டுக் கலக்கித் தந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கீழே போய்ப் பார்க்கவும் இல்லை.

ஆறு மணிக்கு அனுஜாவோடு கீழே போனேன். கடைசி மூலையில் மேசையே இல்லை. அங்கே மேசை போட இடமும் இல்லை.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. சனம் உள்ளே பாய்ந்தது. கூச்சல், தள்ளுமுள்ளு, இரண்டு பெண்கள் ஒரு சோடிச் சப்பாத்துக்கு இழுபறி. நான் பெட்டி பெட்டியாக மேலே ஏற்றினேன். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் அந்தச் சொல் வந்துவிடும் என்று பயம்.

பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் ரூ காய் தெரு முனையில் நின்று இம்மாகுலேற்றுக்கு ஃபோன் அடித்தேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுங்கோ அக்கா."

"அந்தக் கோட்... நான்தான் வைச்சனான், பிள்ளை."

 அவளுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஓம். நீங்கள் வைக்கேக்கை நான் கண்டனான்" என்றாள்.

"அப்ப ஏன் லாராவிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நிண்டனான். வீட்டை வந்தும் நாலு நாள் ஃபோனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், அக்கா. இண்டைக்குத்தான் திரான்சியிலை ஒரு குசினியிலை வேலைக்கு வந்தனான். காட் இல்லாமல் எவ்வளவு நாளைக்கு வைச்சிருப்பினமோ தெரியாது."

அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை லாராவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.  "சனிக்கிழமை சொல்லியிருக்கலாமே" என்றாள். என்னை மூன்று நாள் சம்பளமில்லாமல் நிறுத்தினார்கள். நீண்ட காலம் வேலை செய்தவள் என்று வேலையை விட்டுவைத்தார்கள். அதுவும் எனக்கு உறுத்தல்தான். இம்மாகுலேற்றின் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. பிழை அவளுடையது அல்ல என்று லாரா ஒரு கடிதம் எழுதித் தந்தாள். அதை நானே திரான்சிக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடிதத்தோடு அலைந்து, ஆனியில்தான் அவளுக்கு ஒரு சுப்பர்மார்க்கட்டில் ஒழுங்கான ஒப்பந்தம் கிடைத்தது. ஆறு மாதம் அவள் காட் இல்லாமல் இருந்தாள். பொலிஸைக் கண்டால் தெருவை மாறி நடந்தாளாம். இன்றும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் வீட்டுக்கு வரச் சொன்னால் வருவதில்லை.

அந்த ஆனியிலேயே அல்பிரட் ஓய்வு பெற்றார். கடைசி நாள் நான் அவரிடம் போய், "அன்றைக்கு நான் எதைக் கண்டேன் என்று உங்களுக்குத் தெரியும், என்ன?" என்று கேட்டேன்.

அவர் சாவிகளை மேசையில் வைத்தார்.

"நான் சேர்ந்தபோது இங்கே ஒரு வயதான விற்பனைப் பெண் இருந்தாள். அவள் எனக்குச் சொன்னாள்" என்றார். "1909. வெள்ளைத் துணி விற்பனை. ஒரே அறையில் படுத்த இரண்டு பெண்கள். ஒருத்தியின் பெட்டியில் லேஸ் கழுத்துப்பட்டி ஒன்று அகப்பட்டது. வைத்தது மற்றவள். கேட்டபோது, தெரியாது என்றாள். பெட்டிக்காரியை அன்றைக்கே பனியில் வெளியே விட்டார்கள்."

"பாவம்" என்றேன். "அந்தப் பெண் செத்துப்போனாளா? அவள்தான் வருகிறாளா?"

அல்பிரட் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அவள் லியோனுக்குப் போனாள். கலியாணம் செய்தாள். சொந்தமாகத் தையல் கடை வைத்து எண்பத்தேழு வயதுவரை வாழ்ந்தாள். நீ கண்டது மற்றவளை."



"அவள் முப்பத்தேழு வருஷம் கீழேதான் வேலை செய்தாள். கடைசிக் காலத்தில் நேரம் கேட்டாலும், பெயர் கேட்டாலும் ஒரே பதில்தானாம். 1946 ஜனவரியில் ஒரு நாள் காலை துணிக் குவியலுக்குள் உட்கார்ந்தபடி செத்துக் கிடந்தாள்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ லாராவிடம் சொல்லிவிட்டாய். இனி உனக்கு வரமாட்டாள்" என்றார்.

"உங்களுக்கு?"

"ஒவ்வொரு ஜனவரியும்" என்றார். "1987இலிருந்து."

அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடற்கரையோரம் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியிருப்பதாகவும், பாரிசுக்கு இனி வரமாட்டேன் என்றும் சொன்னார். அவள் அந்தக் கட்டடத்துக்கு உரியவள், அதை விட்டு வெளியே வரமாட்டாள் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

அடுத்த ஜனவரியில் கீழே எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் தேதி, புதுவருஷ வாழ்த்துச் சொல்ல அல்பிரட்டுக்கு அடித்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தார்.

"தயா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நேற்றுக் காலை இங்கே, என் புது வீட்டுக் குசினியில் நின்றாள்."

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தரம்... திரும்பிப் பார்த்தாள்."