குளோரின் மணத்த குளம்

எங்கள் வீட்டில் எனக்கு 'இறால் டொக்டர்' என்று பெயர். பல்கலைக்கழகத்தில் நான் செய்வது ஆராய்ச்சி, வைத்தியம் அல்ல என்று எத்தனை தரம் சொன்னாலும் உம்மாவுக்கு ஏறாது. பெயரை வைத்தவர் என் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர். வாப்பா மௌத்தாகித் தகப்பனில்லாமல் போன வீட்டைச் சுமந்த மூத்த சகோதரர் அவர். களப்போரத்தில், உப்பு நீரேரிக் கரையில், இருந்த அவருடைய இறால் குளம்தான் என்னைப் படிக்க வைத்தது. அதனால் அவர் கேலி செய்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. மற்றப்படி கோபத்துக்கு என்னிடம் குறைவில்லை.

நான் பார்ப்பது இறாலின் கலங்களை, அதன் உடம்பின் உயிரணுக்களை. மனிதருக்கு ஒரு நோய் வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்திருக்கும். இறாலுக்கு அந்த வசதி அவ்வளவாகக் கிடையாது. கிருமி வந்தால் அதன் இரத்தக் கலங்கள் விழுங்கப் பார்க்கும், சுற்றி வளைத்துக் கட்டிப்போடப் பார்க்கும். ஒன்றும் சரிவராவிட்டால் தொற்றுப் பட்ட கலம் தன்னைத் தானே கொன்றுகொள்ளும். செடிகளிலும் இது உண்டு. சில நோய்களில் இலையில் தெரியும் காய்ந்த புள்ளி, நோய் மேலே போகாமலிருக்க அந்த இடத்துக் கலங்கள் செத்த அடையாளம். வெள்ளைப்புள்ளி வைரஸ் இதையெல்லாம் அறிந்த கள்ளன். சாகப் போகும் கலத்தைச் சாகவிடாமல் பிடித்துவைத்து, அதற்குள்ளேயே பெருகி முடித்த பிறகுதான் விடும். அதை எப்படிச் செய்கிறது என்று ஆண்டுக்கணக்காக நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு காலையில் நானாவோடு குளத்துக்குப் போனேன். வரம்பு முழுக்கக் காகம். நோய்ப்பட்ட இறால் நீந்த மாட்டாமல் கரைக்கு ஒதுங்கும். அதை முதலில் அறிவது காகம். நானா, தீனி வைத்துத் தண்ணீருக்குள் இறக்கிய தட்டைத் தூக்கினார். போட்ட தீனி போட்டபடி இருந்தது. கரையில் கிடந்த ஓர் இறாலை எடுத்துத் தலை ஓட்டை உரித்து வெயிலுக்குப் பிடித்தேன். உப்புத் தூள் ஒட்டினது போல வெள்ளைப் புள்ளிகள்.

"அதானா?" என்றார்.

"ஓம் நானா."

"நல்லாப் பாரு தங்கச்சி."

"பாத்துட்டன்."

"நீ இதத்தானே இவ்வளவு காலமும் படிச்ச. மருந்து இரிக்கும்தானே?"

"இல்ல நானா. ஒண்டுமே இல்ல."

அவர் தீனித் தட்டைக் கரையில் கவிழ்த்து வைத்தார். அவர் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என் பட்டங்களையெல்லாம் அந்தக் குளத்துக்குள்ளேயே எறிய வேண்டும் போல இருந்தது.

அடுத்த குளம் அவருடைய கூட்டாளியுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு பேரும் நகமும் சதையும். முந்திய வாரம் அந்த மனிதர் திடீரென்று இறாலைப் பிடித்து விற்றுவிட்டு, குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிட்டிருந்தார். "விலை நல்லா வந்திச்சு மச்சான், அதான் புடிச்சிட்டன்" என்று நானாவிடம் சொன்னாராம். நானாவும் சந்தோஷப்பட்டு, இரண்டு நாள் கழித்து அதே வாய்க்காலிலிருந்து தன் குளத்துக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் உம்மா எனக்கு ஆக்கவென்று பிரிட்ஜிலிருந்து ஒரு பை இறாலை எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தார்.

"எங்கட குளத்து இறாலா உம்மா?"

"இல்ல மகள். நானாட கூட்டாளி அனுப்பினது. நீ வருவாயெண்டு எடுத்து வச்சன்."

எங்கள் பக்கத்தில் குளத்து இறால் பிடித்தால் அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பை கொடுப்பது வழக்கம். நான் ஒரு தலை ஓட்டை உரித்து யன்னலில் பிடித்தேன். அதே புள்ளிகள். இந்த நோய் சாப்பிடுகிற மனிதரை ஒன்றும் செய்யாது. நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"தெரியாம அவசரப்பட்டுப் புடிப்பாரா?"

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமென்று உம்மா என் வாயைப் பொத்தினார். இலையில் ஒரு கலம் தாக்கப்பட்டால் பக்கத்துக் கலத்துக்கு அறிவித்துவிடும். மூளையே இல்லாத இலைக்கு உள்ள அறிவு, கூடப் படித்த மனிதனுக்கு இல்லாமல் போனதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நானாவுக்கும் அதே வழி திறந்துதான் இருந்தது. பின்னேரம் இறால் வாங்கும் வியாபாரி போன் எடுத்தார்: சின்ன இறால் என்றாலும் பரவாயில்லை, நாளைக்கே பிடியுங்கள், எடுக்கிறேன். பிடித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் கீழே உடப்பு ஊர்ப் பக்கம் வரைக்கும் அதே வாய்க்காலை நம்பி, இப்போதுதான் குஞ்சு விட்ட குளங்கள் கிடந்தன. மற்ற வழி, மதகுப் பலகைகளை இறுக்கிப் பூட்டிக் குளோரின் போட்டு எல்லாவற்றையும் அங்கேயே சாகடிப்பது. எது சரியென்று எனக்குத் தெரியும். மாதச் சம்பளக்காரி அதைச் சொல்வது லேசு என்பதும் தெரியும்.

அவரே கேட்டார். "நீ படிக்கிற அந்தக் கலம் இப்பிடி நேரத்தில என்ன செய்யும்?"

"செத்துப் போகும் நானா. மத்தது தப்பட்டும் எண்டு."

அவர் வியாபாரிக்குப் போன் எடுத்து, வர வேண்டாம் என்றார்.

மறுநாள் காலையில் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு நானா வரம்பில் நடந்து நடந்து குளோரின் போட்டார். முதலில் குளம் முழுக்க இறால் துள்ளியது. மழை பெய்வது போலச் சத்தம். பிறகு சத்தம் நின்றது. நானாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது. குளோரின் பட்டுவிட்டது என்றார். நானும் அதை ஒத்துக்கொண்டேன்.

குளோரின் மணம் றோட்டு வரைக்கும் போனது. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒரே கதை: நோய் கிளம்பினது எங்கள் குளத்தில்தான், மணந்ததே அங்கேதானே. அந்தக் கூட்டாளியும் அங்கே இருந்து தலையாட்டினாராம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அவர் அனுப்பின பையில் மிச்சமிருந்த இறாலை எல்லோருக்கும் காட்டவென்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போகப் புறப்பட்டேன். நானா வாசலில் மறித்தார்.

"விடு தங்கச்சி. அவனுக்கும் புள்ளகள் இரிக்கி."

குளத்தில் போட்ட காசெல்லாம் போனதால் நானா வேலைக்குக் கட்டார் நாட்டுக்குப் போனார். அங்கே லொறி ஓட்டுகிறார். குளம் உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கிறது. கீழ்க் குளங்கள் அந்த முறை தப்பின. எல்லோரும் பிடித்த நாட்களில் நான் வீட்டில்தான் இருந்தேன். பைகள் எங்கள் வாசலைத் தாண்டித் தாண்டிப் போயின.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை நானா போன் எடுத்தார். "கீழ்க் குளங்கள் புடிச்சாங்களா?"

"புடிச்சாங்க நானா. நல்ல இறால்."

"அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குப் பை வந்திச்சா?"

என் நாக்கில் இருந்ததை உம்மா என் முகத்திலேயே படித்திருக்க வேண்டும். போனை என் கையிலிருந்து பறித்தார்.

"வந்திச்சு மகன்," என்றார். "வைக்க இடமில்ல."