ஞாயிறு மட்டும் மீம்

கண்ணாடிக் கடைக்காரர் கைபேசியில் வந்த படத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு எழுத்தைப் படிக்கிறார். பிறகு எழுத்தை மூடிக்கொண்டு படத்தைப் பார்க்கிறார். உதடு கோணுகிறது. "மீம்" என்று முணுமுணுத்து, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். எதிரே ஒரு பெண்மணி புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்கிறாள், பாவம்.

இவருக்குப் பிழைப்பு கண்ணாடிக் கடையில். உயிர் மட்டும் நுண்ணோக்கிக் குழுவில். குளத்துத் தண்ணீர், வெங்காயத் தோல், கொசுவின் கால் என்று கண்ணுக்கு எட்டாததையெல்லாம் படமெடுத்துப் போடுகிறவர்களின் இணையக் குழு அது. ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் மேய்ப்பது இவர் வேலை. சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் இவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

ஒரு காலத்தில் குழு முழுக்கச் சிரிப்புப் படங்கள். எவராவது உருப்படியாக ஒரு சந்தேகம் கேட்டால், அது அந்தக் கும்மாளத்தில் அடியோடு காணாமல் போய்விடும். பொறுத்துப் பார்த்தவர், மீம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று விதி போட்டார். உடனே அடுத்த சண்டை: எது மீம்? அமீபாவுக்கு அம்புக்குறி போட்டு 'உட்கரு' என்று எழுதினால் பாடம். அதே அம்புக்குறியில் 'மாமியார்' என்று எழுதினால்? "ரெண்டும் லேபிள்தானே சார்" என்று ஒரு கல்லூரி வாத்தியார் மல்லுக்கு நின்றார். கத்தரிக்கோல் அசரவில்லை. "படமும் தனியா நிக்கணும், எழுத்தும் தனியா நிக்கணும். ரெண்டும் கைகோத்தாத்தான் அர்த்தம்னா அது மீம். போய்ட்டு ஞாயித்துக்கிழமை வாங்க."

வீட்டிலும் இதே பாட்டுதான். மனைவிக்கு அலுத்துவிட்டது. "நம்ம கல்யாண போட்டோல உங்கள மூடிட்டுப் பாத்தேன். படம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் ஒருநாள். அதற்கும் இவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

குழுவில் டீச்சரம்மா என்று ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. அவர் போடுகிற படங்களில் தூசு தும்பு இருக்காது, விளக்கத்தில் ஒரு சொல் கூடுதலாக இருக்காது. அப்படிப்பட்டவர் ஒரு வாரத்தின் நடுவே ஒரு படம் போட்டார். ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, மூச்சுமுட்ட நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். மேலே, 'கூட்டம் நல்லா சேந்துருச்சு.' கீழே, 'வேலை பாக்கத்தான் ஒருத்தனும் இல்ல.'

கத்தரிக்கோல் கட்டைவிரல் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, மீம். டீச்சரம்மாவுமா இப்படி எங்கிருந்தோ சுட்டுப் போடுகிறார் என்று வருத்தப்பட்டுக்கொண்டே அழித்தார். கொஞ்ச நேரத்தில் தனிச்செய்தி வந்தது.

"தம்பி, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் காத்திருக்கணுமா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்."

"அதுவும் சரிதான்ப்பா."

பெரியவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஞாயிறு வந்தது. டீச்சரம்மாவின் படம் வரவில்லை, அவர் இறந்த சேதி வந்தது. ரத்தப் புற்றுநோயாம். முதிராத வெள்ளை அணுக்கள் கண்மண் தெரியாமல் பெருகுமாம். நோயை எதிர்க்க அதில் ஒன்றுகூட உதவாதாம். அது சுட்ட படமில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, தன் நுண்ணோக்கியில் வைத்து எடுத்த அவருடைய சொந்த ரத்தம் என்று சேதி போட்ட பழைய மாணவியே எழுதியிருந்தாள்.

"அடப் பாவி, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நான்!" என்று மனைவியிடம் புலம்பினார்.

"அவங்களும் சொல்லலையேங்க."

"எங்க சொல்ல விட்டேன்?"

அந்த வாரமெல்லாம் இதே புலம்பல். அப்படியும் விதியை எடுக்கவில்லை. எடுத்தால் மட்டும் அந்தப் படம் திரும்பி வந்துவிடுமா?

போன வாரம் கடைக்கு ஒரு முதியவர் வந்தார். டீச்சரம்மாவின் கணவர். "அந்த குரூப்பப் பாத்துக்கறது நீங்கதானே? குரூப்ல ஒண்ணு போட்டிருக்கேன், பாத்துட்டு நீங்க சிரிக்கணும்னு ஆஸ்பத்திரில எங்கிட்ட சொன்னா. தேடித் தேடிப் பாத்துட்டேன், காணோம். அவ போனையும் திறக்க முடியல."

அழித்ததை மீட்க வழியில்லை. குப்பையைச் சேர்த்து வைப்பானேன் என்று அந்த வசதியை எப்போதோ நிறுத்திவைத்தவரும் இவரேதான்.

"நான்தாங்க எடுத்துட்டேன்."

"ஏன், தப்பா ஏதாச்சும் போட்டாளா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. அது வந்து... மீம்."

"அப்படின்னா?"

ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன மனிதர் பேனாவை எடுத்தார். ரசீதுத் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டார். வட்டம் வட்டமாக, ஒன்றை ஒன்று இடிக்க இடிக்க, தாள் நிறைய வரைந்தார். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுதி முதியவர் பக்கம் நகர்த்தினார்.

முதியவர் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "அவளேதான்... இது அவளேதான்" என்றார். அப்புறம் அந்தச் சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது.

கத்தரிக்கோல் எழுந்து போய், நனைந்து மங்கிப்போயிருந்த அவருடைய கண்ணாடியை மெதுவாகக் கழற்றி வாங்கினார். துடைத்தார். இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று, தானே மாட்டிவிட்டார்.