ஜவ்வரிசி மில்லில் கேட்ட கிடார்

தோளில் அப்பாவின் கிடாரோடு சின்னசேலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி ஓட்டலில் தட்டு கழுவிக் கழுவி விரல் நுனி ஊறிப்போய், கம்பியை மீட்டினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தம் மழுங்கியது. அதனால்தான் வேலையை விட்டேன். அப்போது மாவு எடுத்த பின் மிஞ்சும் மரவள்ளித் திப்பி ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னைக் கடந்துபோனது.

அந்தப் புளித்த வாசனைதான் நான் வளர்ந்த ஜவ்வரிசி மில். இன்று அங்கே மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். அன்று மாவு காயும் களம் கண் கூச வெளுத்திருக்கும், கிழங்குத் தோல் குவியலில் ஆடுகள் மேயும், பகலெல்லாம் தொட்டியில் நின்று கிழங்கு கழுவும் அப்பா பொழுது சாய்ந்ததும் தகரக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வெறும் விரலால் கிடார் வாசிப்பார். ஊறிய விரலுக்குக் கம்பி முனகும். இரண்டு நாள் காய்ந்து தோல் சற்றே இறுகினால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெளிந்து ஒலிக்கும். அதனால் திருவிழாக் கச்சேரி வந்தால் அப்பாவுக்குப் பதிலாக அம்மா தொட்டியில் இறங்குவாள்.

“இன்னாம்மா, அவருக்கு கிடாரு, உனுக்கு தொட்டியா?” என்பார் மேஸ்திரி.

“நீங்க வாசிங்க, உங்களுக்கும் சேத்து எறங்குறேன்!”

கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் அப்பா அம்மாவிடம்தான் முதலில் வருவார்.

“சத்தம் சுத்தமா வந்துச்சா?”

“வராம இன்னா?” என்பாள், வெளுத்துச் சுருங்கிய விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

எனக்குப் பதிலாக ஈரத்தில் நிற்க ஆளில்லை. மறுநாள் காலை சின்னசேலத்தில், விரல் நனையாத வேலையாக, லாரிக்கு மூட்டை ஏற்றச் சேர்ந்தேன்.