சின்னக் காயப் பிரிவு

அமெரிக்காவில் யாராவது கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டால் மறுநாளே அது என் மேசைக்கு வந்துவிடும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து, அந்த ஊர் டாக்டர் எழுதியதைப் படித்து, காயத்துக்கு உரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். எனக்கு ஒதுக்கியிருப்பது கையும் மணிக்கட்டும், அதிலும் சின்னக் காயங்கள் மட்டும்.

இந்த வேலையில் ஊகத்துக்கு இடமில்லை. ‘எலும்பு முறிந்திருக்கலாம்’ என்று டாக்டர் எழுதினால் முறிவு என்று போடக் கூடாது. மணிக்கட்டு வலி என்று போட்டுவிட்டு அடுத்த கைக்குப் போக வேண்டும். முறிவு உறுதியானால் குறியீட்டின் கடைசியில் ஓர் எழுத்து சேரும். முதல் சிகிச்சைக்கு ஏ, ஒழுங்காக ஆறிவந்தால் டி, தாமதமானால் ஜி, எலும்பு சேரவே இல்லையென்றால் கே. எங்கள் பிரிவில் கே அபூர்வம். அதனால் எல்லாக் கைகளும் எப்படியோ ஆறிவிடுகின்றன என்று நான் பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்தேன். மூடிய ஃபைலின் கை பிறகு என்ன ஆனது என்று எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

என் வீட்டுக்காரர் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். “அமெரிக்காக்காரனுக்கு சுண்டுவெரல்ல பூனை கீறினாகூட உனுக்கு நியூஸ் வந்துருது. எனுக்கு கீறினா திரும்பிகூட பாக்க மாட்ற” என்பார். காலையில் அவருடைய முதல் சவாரி நான்தான். ஆபீஸ் வாசலில் நிறுத்தி, “எறங்கு எறங்கு, பின்னாடி பஸ்காரன் ஆரன் அட்ச்சிகினு கீறான்” என்று விரட்டுவார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தோடு வேலையை ஆரம்பிப்பதும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் திருவிடந்தை கோயிலில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குறுக்கே வந்த மாட்டுக்காக வண்டியை ஒடித்திருக்கிறார். வண்டி சாய்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்தார். பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வெறும் சுளுக்குதான் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த மாதிரி விழுந்தால், முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகலாம் என்று பத்து நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது அமெரிக்க டாக்டர்களின் வழக்கம். தினமும் படிக்கிறேன், தெரியாதா? சொன்னேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன். “சுளுக்குக்கு எவனாவது ரெண்டு வாட்டி போட்டோ புடிப்பானா?” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வலியில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டைவிரலுக்குக் கீழே முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு. அது இரண்டாகக் கிடந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு இன்னும் சேரவில்லை. ஆபரேஷன் செய்து திருகாணி வைத்தார்கள். ஒவ்வொரு தடவை படம் எடுக்கும்போதும் என் மனசு தானாக எழுத்துப் போட்டுக்கொண்டே வந்தது. ஜி வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன்.

போன வாரம் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சேரலம்மா. அந்தத் துண்டுக்கு ரத்த ஓட்டமே இல்ல. இனிமே மணிக்கட்டை அசையாம இறுக்கிடலாம். வலி போயிடும். ஆனா மடங்காது” என்றார்.

“ஆக்சிலேட்டர் முறுக்கலாமா மேடம்?” என்று இவர் கேட்டார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“ஆட்டோங்க.”

டாக்டரம்மா படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், திருப்போரூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். “நீ எத்தினியோ கைய பாத்தவ. இந்த மாரி ஆனது எதுனா சரியாயிகீதா?”

“ஆயிருக்குங்க. நெறைய” என்றேன். எந்த டாக்டரும் எழுதாத ஒன்றை நானாகப் போட்டது அதுதான் முதல் தடவை. அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பேட்டரி செத்துவிடக் கூடாதென்று தினமும் காலையில் இறங்கிப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்வார். இடது கையைக் குறுக்கே நீட்டி வலதுபக்கப் பிடியை முறுக்குவார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு ஒரு பூக்காரம்மா கூடையோடு பின்னால் ஏறிக்கொண்டார். “திருப்போரூர் போவும்ல அண்ணாத்த?”

அவர் வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்து அந்தம்மாவைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கிளம்பிவிடுவாரோ என்றே நினைத்தேன். பிறகு சாவியைத் திருப்பி அணைத்தார்.

“எறங்கும்மா. வண்டி போவாது.”

சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்ற என்னை அப்போதுதான் பார்த்தார். எழுந்து ரோட்டுக்கு வந்து, இடது கையைக் காட்டி, வருகிற ஷேர் ஆட்டோவை நிறுத்தினார்.

“மச்சான், ஆபீஸாண்ட ஒரு ஆளு. பாத்து எறக்கிவுடு” என்றார்.