அண்ணன் குடிக்காத விஸ்கி

அண்ணன் நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். மற்ற பக்கங்களில் இரங்கற்பாக்களும் குடும்பப் படங்களும் இருக்கின்றன. இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கினேன்.

சென்ற ஆண்டு கருமாதிப் படையலில் அண்ணனின் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் விஸ்கி வைக்கப்பட்டது. அன்றுமுதல் அவர் குடித்தே செத்தார் என்று உங்களில் பலர் பேசி வருகிறீர்கள். அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு மடக்குகூடக் குடித்ததில்லை. அந்த பாட்டில் யாருக்காக வாங்கப்பட்டது, எப்போது வாங்கப்பட்டது, அதை யார் உடைத்தார் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நம் உறவில் பலருக்கு எது முந்தி, எது பிந்தி என்பது நினைவில் நிற்பதில்லை. எனக்கு நிற்கும்.

திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் புஷ்கர மேளா நடந்த ஆண்டு, அதற்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில் அண்ணன் பிறந்தார். மேளாக் கூட்டத்தில் பிறந்த பிள்ளை என்று சொல்பவர்கள் திருத்திக்கொள்ளவும். மேளா முடிந்து, நடவு தொடங்கிய பிறகே பிறந்தார். அவர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய கோடையில் அப்பா காலமானார். தேர்வு முடிவு வருவதற்குள் அண்ணன் லாரி கிளீனர் ஆகிவிட்டார். தேர்ச்சி பெற்ற செய்தியை அம்மா இன்னொரு லாரிக்காரரிடம் சொல்லியனுப்பினார்.

கிளீனர் ஓட்டுநரானார். பிறகு சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி, சதுரங்கப்பட்டினத்துக்கு ஐஸ் ஏற்றிச் சென்றார்; கடப்பாக்கத்திலிருந்து மீன் ஏற்றி வந்தார். கடைசியில் மூன்று வண்டிகள் ஓடின. காலையில் சாப்பிடாத ஓட்டுநருக்குச் சாவி தரமாட்டார். முந்தைய நாள் குடித்த வாடை வீசினாலும் தரமாட்டார். தான் குடிக்காததற்கு அவர் பெரிய காரணம் எதுவும் சொன்னதில்லை. இளமையில் நண்பர்கள் ஊற்றிக் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, “டீசல் வாசனையே போதும்பா” என்று திருப்பிக் கொடுத்தாராம். அவ்வளவுதான்.

என் திருமணத்தை முன்னின்று நடத்தியவர் அண்ணன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் வீட்டு மாப்பிள்ளைமாரைத் தனியாக அழைத்துப் போய் ‘கவனிக்க’ வேண்டும். எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை என் அக்காவின் கணவர். அவரை இக்கட்டுரையில் மாமா என்றே குறிப்பிடுகிறேன். அண்ணனுக்குச் சரக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்து மாமா முன்னால் வைத்தார். மாமா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்:

“இன்னா மச்சான் இது? இத்த எட்னு போயி உன் வண்டி ரேடியேட்டர்ல ஊத்து. வண்டியாச்சும் ஓடும்.”

“எனக்குத் தெரியாது மாமா. கடைக்காரன்தான் நல்லா இருக்கும்னான்.”

“சரக்கு வாங்கத் தெரியாதவன்லாம் தங்கச்சிக்கு மாப்ள பாக்கக் கெளம்பிட்டான். அந்த மாப்ளையும் இப்டித்தான் இருப்பான்.”

என் கணவர் வீட்டார் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுவீட்டுக்கு நாங்கள் கிளம்புவதற்குள் மாமா அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். என்னை வண்டியில் ஏற்றிவிட்டபோது அண்ணன் சொன்னது இதுதான்: “நம்ம வூட்ல அடுத்த கல்யாணம் வரும்ல? அன்னிக்கு அந்த வாய்லேர்ந்து ஒரு சொல்லு வரக்கூடாது.”

அடுத்த கல்யாணம் என்பது அண்ணனின் ஒரே மகளுடைய கல்யாணம். அவள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய உடனே அண்ணன் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார். “பொண்ணுக்கு மாப்ள பாக்கறதுக்கு முன்னாடி மாமாவுக்குச் சரக்கு பாக்கறாரு” என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

சதுரங்கப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் ஏழுமலை அண்ணனின் நெருங்கிய கூட்டாளி. மாமல்லபுரத்தில் அண்ணன் மீன் இறக்கும் விடுதி ஒன்றில் மதுக்கூடமும் உண்டு. அண்ணன் பணம் கட்டுவார், அங்கிருக்கும் பரிமாறுபவர் ஒவ்வொன்றாக ஊற்றுவார், அண்ணனுக்குப் பதிலாக ஏழுமலை குடித்துப் பார்த்துச் சொல்வார். அண்ணன் எதிரே எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்திருப்பார். நான் ஒருமுறை உடன் போயிருந்தேன்.

“அண்ணாத்த, வெளிநாட்டுச் சரக்குன்னா மட்டும் பத்தாது. வயசு போட்டிருக்கணும்” என்றார் ஏழுமலை.

“வயசா? யாருக்கு?”

“சரக்குக்கு. பீப்பாயில எத்தினி வருசம் கெடந்துச்சோ அது.”

“அப்ப வாங்கி வூட்ல வெச்சா வயசு ஏறுமா?”

பரிமாறுபவர் குறுக்கிட்டார். “பாட்டில்ல போட்டா வயசு நின்னுடும் சார். ஆனா சீல் உடைக்காத வரைக்கும் கெடாது.”

அண்ணனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இப்போதே வாங்கி வைத்துவிடலாமே. பரிமாறுபவர் புகைவாசம் கொண்ட ஒரு வகையை உயர்ந்தது என்று சொல்லி ஊற்றினார். ஏழுமலை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாபா இது? கருவாடு சுட்ட வூடு மாரி கீது.”

“அதான் அண்ணா அதோட சிறப்பே.”

“சிறப்ப நீயே வெச்சிக்க. இவரு மாமா இத்த வெச்சே மானத்த வாங்கிடுவாரு.”

புகை வேண்டாம், மாமா வாடை என்பார். இனிப்பு தூக்கல் வேண்டாம், டானிக் என்பார். திருகு மூடி வேண்டாம், மட்டம் என்பார். இப்படி மாமாவின் வாயை வைத்தே ஒவ்வொன்றையும் கழித்தார்கள். பிறருக்குப் பிடித்தது எது என்று தேடிப் பரிசு வாங்குவார்கள். அண்ணன் ஒருவரின் ஏச்சுக்கு இடம் தராதது எது என்று தேடினார்.

உள்ளூர்க் கடையில் வாங்கினால் அவர் வண்டி வெளியே நிற்பதைப் பார்த்து நீங்கள் பேசுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் உயர்ந்த ரகம் விற்கும் அரசுக் கடைக்குப் போனோம். லேபிள் படிக்க என்னையும் அழைத்துப் போனார். கடையில் இருந்தவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“யாருக்கு சார்?”

“எங்க மாமாவுக்கு.”

“அவருக்கு என்ன பிடிக்கும்?”

“குறை சொல்லப் பிடிக்கும்.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே வைத்திருப்பதுபோல் கடைக்கோடிக்குப் போய் ஒன்றை எடுத்து வந்தார். கனத்த பெட்டி. பெட்டியிலும் பாட்டிலிலும் வயது அச்சிட்டிருந்தது. தக்கை மூடி, அதன்மேல் ஈயத்தாள், அதற்கும் மேலே அரசு முத்திரை. அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரும்பி வரும்போது மடியிலேயே வைத்திருந்தார். பரனூர் தாண்டியதும், “இத்த மாமா கையில குடுக்கறேன். என்ன சொல்றாருன்னு பாக்கறேன்” என்றார். அந்த பாட்டில் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் ஏறியது. அண்ணிக்கும் எனக்கும் ஏழுமலைக்கும் மட்டுமே அது தெரியும்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய வரிசை. என் மகன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, விபத்தில் அடிபட்ட தன் ஓட்டுநருக்கு ரத்தம் கொடுக்க அண்ணன் போனார். மருத்துவமனையில் அவருடைய ரத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஈரலைத் தாக்கும் கிருமி அதில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு அப்போது வலி எதுவும் இல்லாததால் மறந்துவிட்டார். நாங்கள் ரயில் ஏறி அந்த பாட்டிலை வாங்கியபோது என் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். நோய் முந்தி, பாட்டில் பிந்தி. பாட்டிலால் நோய் வந்தது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மகளுக்கு மதுராந்தகம் பக்கம் வரன் அமைந்தது. பையனின் தந்தை தன் தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவர். நிச்சயத்துக்கு முன் அவர் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “உங்க வீட்ல குடி இருக்கா?” அண்ணன், “எனக்கு இல்லைங்க. கல்யாணத்தன்னைக்கு எங்க மாமாவுக்கு மட்டும் ஒரு மரியாதை செய்யணும், அதையும் உங்க கண்ணுக்குத் தெரியாமச் செஞ்சிடறேன்” என்றார். அவர் ஒப்புக்கொண்டார். ஆனியில் நிச்சயம் நடந்தது. ஆடியில் அண்ணனின் கண் மஞ்சளானது.

மருத்துவமனையில் புதிதாக வந்த ஒவ்வொரு மருத்துவரும் குடிப்பாரா என்று கேட்டார். கேட்பது அவர்கள் கடமை. அண்ணி இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும், பக்கத்தில் நின்ற மாமா, “டாக்டராண்ட எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க” என்று சிரித்தது யாருடைய கடமை என்று தெரியவில்லை. அண்ணன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணியில், மகளின் கையைப் பிடித்தபடி கண் மூடினார்.

பந்தல் போட்டது, பாடை கட்டியது, சுடுகாட்டு வேலைகளைப் பார்த்தது எல்லாம் மாமாதான். அதை நான் மறைக்கவில்லை.

கருமாதி அன்று மாலை படையலுக்குப் புது வேட்டி எடுக்க மாமா பீரோவைத் திறந்தார். நான் அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணியை உள்ளறையில் பெண்கள் நடுவே உட்காரவைத்திருந்தார்கள். அவர் எழுந்து வர முடியாத நேரம். கூடத்தில் மாமாவின் குரல் கேட்டது.

“பாத்தியா மச்சான் வேலைய? பொடவைக்குப் பின்னாடி வெச்சிகினு கீறான்!”

கை மாவோடு ஓடினேன். அவர் ஈயத்தாளைக் கிழித்துவிட்டிருந்தார். “மாமா, அது அண்ணனுக்கு இல்ல. உங்களுக்கு வாங்கினது” என்றேன்.

“எனக்கா? அப்ப சரி. அவனுக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்.”

“அவர் குடிக்கமாட்டாரு மாமா.”

“ஆசப்பட்டு வெச்சிருந்தது பாப்பா. படைக்காம வுட்டா ஆவி சுத்திகினு இருக்கும்.”

தக்கை சத்தத்தோடு வந்தது. கூடத்தில் இருந்த பங்காளிகள் அத்தனை பேரும் அதைக் கேட்டீர்கள். முதல் முறையாக உடைக்கப்படும் பாட்டிலின் சத்தம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. குடிகாரன் ஒருவன் சீல் உடைக்காத பாட்டிலை வருடக்கணக்கில் வைத்திருப்பானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அண்ணன் குடிக்காதவர் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்த சீல்தான். அதை அவர் படத்துக்கு முன்னாலேயே உடைத்தீர்கள். டம்ளரில் ஊற்றினீர்கள். பக்கத்தில் சிகரெட்டும் வைத்தீர்கள். சிகரெட்டும் அவர் பிடித்ததில்லை.

சம்பந்தி அப்போதுதான் மாலையோடு வாசலில் நுழைந்தார். தக்கை வந்த சத்தம் அவர் காதில் விழவில்லை. டம்ளர் மட்டும் கண்ணில் பட்டது. மாலையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

மீதியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் மாமாவும் நீங்களும் குடித்தீர்கள். வாடை என்று அவர் சொல்லவில்லை. டானிக் என்று சொல்லவில்லை. மட்டம் என்றும் சொல்லவில்லை. காலி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு கீதா?” என்று கேட்டார். அண்ணன் அவ்வளவு அலைந்து, தன் மகள் கல்யாணத்தில் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. நான் கேட்டேன்.

சில வாரம் கழித்து மதுராந்தகம் சந்தையில் மாமாவைப் பார்த்த சம்பந்தி, அண்ணன் குடிப்பாரா என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். “வண்டி ஓட்றவன், ஆம்பள, கொஞ்சம் போடாம இருப்பானா?” என்பது மாமா தந்த பதில். பிறகு சம்பந்தி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “குடிச்சதைக்கூட மன்னிச்சிடலாம்மா. என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரே.” என் வார்த்தையை அவர் நம்பவில்லை. தங்கை அப்படித்தான் பேசுவாள். பையன் உறுதியாக நின்றதால் திருமணம் ஓராண்டு தள்ளிப்போனதோடு தப்பியது. அண்ணனின் பெயர் தப்பவில்லை.

நான் மாமா வீட்டுக்கே போய், பாட்டிலை யார் உடைத்தது என்று சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். “செத்தவனுக்கு இன்னா பாப்பா பேரு? வுடு. கல்யாணம் நடக்குதா இல்லியா?” என்றார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் காபியைத் தொடவில்லை.

அண்ணனின் இறுதி நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மருத்துவமனையில் முறை வைத்துப் படுத்திருந்த அண்ணனின் ஓட்டுநர்கள் மூவருக்கும், தொழிலை விட்டுவிட்டுத் தினமும் வந்து பார்த்த ஏழுமலை அவர்களுக்கும், இரவுபகல் பாராத செவிலியர்களுக்கும், அண்ணிக்கு ஆறுதலாக இருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றியுடையது. பந்தலுக்கும் பாடைக்கும் மாமாவுக்கு நன்றி.

தை மாதம் திருமணம். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாரை வார்க்கத் தானே நிற்கப்போவதாக மாமா ஊர் முழுவதும் சொல்லி வருகிறார். மூத்த மாப்பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. நானும் அண்ணியும் மணப்பெண்ணும் கலந்து பேசி எடுத்த முடிவை எல்லோரும் அறிய இங்கே எழுதுகிறேன். இந்த நினைவு நாளுக்குச் சம்பந்தி வந்திருக்கிறார். இந்த மலர் அவர் கையிலும் இருக்கிறது. அவர் கிளம்புவதற்குள் மாமா அவரிடம் போய், ‘அந்த பாட்டில் சீலோடு இருந்தது, உடைத்தது நான், என் மச்சான் குடிக்காதவன்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் மணமேடையில் அண்ணன் நிற்க வேண்டிய இடம் அவருடையது. சொல்லாவிட்டால் நானும் என் கணவரும் தாரை வார்ப்போம். மாமா பந்திக்கு வரலாம். சாப்பாடு எல்லோருக்கும் உண்டு.