மந்தை இல்லாத ஊர்

பொன்னாயி, மலைமேல் உள்ள நாடுகளில் ஒன்றான ஆலத்தூர் நாட்டில் பிறந்தவள். அவள் பிறந்த ஊரில் வீடுகள் மலைமுகட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். வாசலைத் தாண்டினால் சரிவுதான். உடம்பு என்பது சுமை தூக்கவும் களை பறிக்கவும் இருப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

குண்டனி நாட்டு ராசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீரைக்காட்டுப்பட்டிக்கு வந்த பிறகு அந்த நினைப்பு மாறியது. ஊருக்கு நடுவே பெரிய மந்தை, எல்லாரும் கூடும் வெட்டவெளி. சுற்றிலும் புல்வேய்ந்த வீடுகள், எல்லா வாசலும் மந்தையைப் பார்த்து. பொழுது சாய்ந்தால் ஒரு பக்கம் ஆண்கள் சடுகுடு ஆடுவார்கள், இன்னொரு பக்கம் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் ஆட்டத்துக்குள்தான் கால் வைக்கணும்.

கும்மிக்கு முன்கை, முதலில் பாட்டெடுத்துக் கை தட்டுபவள், சென்னம்மாள். இளவயதிலேயே புருசனை இழந்தவள், சின்னராசு என்று ஒரே மகன். புருசன் செத்தவள் என்று அந்த ஊரில் யாரும் அவளை ஒதுக்கியதில்லை. பொன்னாயிக்கு முதல் குழந்தை தங்காமல் போனபோது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சென்னம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"அழுகிறதை நின்னுக்கிட்டு அழு, கண்ணு. வா."

பொன்னாயி போனாள். கை தட்டிக்கொண்டே அழுதாள். மூச்சு வாங்கியது. அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு தூங்கினாள்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். ஒரு பங்குனியில், ஓர் அடுப்பிலிருந்து பறந்த பொறி கூரையில் விழுந்தது. காற்று சுழற்றி அடித்தது. வட்டமாக நின்ற வீடுகள் வட்டமாகவே எரிந்தன. மாட்டை அவிழ்க்க உள்ளே ஓடிய சின்னராசு திரும்பி வரவில்லை.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து ஓர் அதிகாரி மேலே வந்தார். நல்ல மனுசர்தான். மூங்கிலும் புல்லும் வெட்டிக்கொள்ள உத்தரவு வாங்கித் தந்தார். ஆனால் ஊரை வரிசை வரிசையாகக் கட்டச் சொன்னார். வீட்டுக்கு வீடு இடைவெளி, ஒரு வரிசையின் முதுகு அடுத்த வரிசையின் முகத்துக்கு நேரே. "ஒரு ஊட்டுல பிடிச்ச தீ இன்னொண்ணுக்குத் தாவக்கூடாது" என்றார். எரிந்துபோன ஊரில் அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? பொன்னாயியும் தலையாட்டினாள். வரிசைகள் மந்தையின் மேலேயே வந்தன.

ராசப்பன் மட்டும் கேட்டான்: "ஏனுங்க, ஆடறதுக்கு எடம்?"

"மலை பூரா உங்களுதுதானே? எங்க வேணும்னாலும் ஆடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உண்மைதான் என்று பட்டது.

ஆனால் மலையில் சமதரை ஏது? இருந்த சமதரை அந்த மந்தை ஒன்றுதான். வீட்டிடைவெளியில் கும்மி கொட்டிப் பார்த்தார்கள். வளைய முடியவில்லை, ஒருத்தி முழங்கை இன்னொருத்தி மேல் இடித்தது. பொன்னாயியும் ராசப்பனும் ஊருக்குக் கீழே ஒரு சரிவைக் கல் பொறுக்கிச் சமமாக்கினார்கள். முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். அப்புறம், "அத்தனை தொலவு யாரு போறது? இருட்டினா கரடி வேற" என்றார்கள். பொன்னாயிக்குப் புரியவில்லை. சாமைக்காட்டுக்கு இதைவிடத் தூரம் நடப்பவர்கள்தானே? யோசித்துப் பார்த்தால், முன்பு ஆட என்று யாரும் எங்கேயும் போனதே இல்லை. ஆட்டம் வாசலில் இருந்தது.

சென்னம்மாளுக்குக் கடைசி வரிசையில் கடைசி வீடு. பொன்னாயி ஒருநாள் இறங்கிப் போய்க் கூப்பிட்டாள்.

"வாங்கக்கா, நாலு சுத்து சுத்திட்டு வரலாம்."

"நாளைக்கு வாரேன் கண்ணு" என்று உள்ளிருந்தபடியே சொன்னாள் சென்னம்மாள்.

மறுநாளும் அதே பதில். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பொன்னாயி வயிற்றில் பிள்ளை. வழுக்கும் பாதையில் இறங்க அவளுக்குப் பயம். முன்பென்றால் நின்ற இடத்திலிருந்தே சென்னம்மாள் வீட்டு அடுப்புப்புகை தெரியும். இப்போது எதிரே இருந்தது அடுத்த வீட்டின் பின்சுவர்.

மழை விட்ட ஒருநாள், விறகுக்குப் போன ராசப்பன் சென்னம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. தள்ளிப் பார்த்தான். அவள் செத்து எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மாரடித்து அழப் பெண்கள் கூடினார்கள். வட்டமாக நிற்க இடமில்லை. சுவரோரமாக வரிசையாக நின்று அழுதார்கள். பின்னால் நின்றவர்களுக்குச் சென்னம்மாளின் முகம் தெரியவில்லை.

பொன்னாயிக்கு அந்த வருசம் பெண் பிறந்தது. பாப்பாயி என்று பேர் வைத்தார்கள். குழந்தை தங்கியது. நடக்கத் தொடங்கியதும் அது இரண்டு சுவருக்கு நடுவே போய்விட்டு அதே வழியில் திரும்பி வரும்.

ஆடியில் ராசப்பன், கீழே ஆட்டத்துக்கென்று சமமாக்கிய நிலத்தில் ஏர் பூட்டினான்.

"சும்மாதானே கிடக்குது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பொன்னாயி மடியில் கேழ்வரகு விதையைக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.